வெளிநாட்டு ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகும் முன்

கேள்வி: மூன்று வாரப் பயணமாக வெளிநாடு போகிறேன். கையில் நிறைய ரொக்கம் கொண்டுபோக விருப்பமில்லை. தேவைப்படும்போதெல்லாம் கிரெடிட் கார்டை வைத்து அங்குள்ள ஏடிஎம்மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கார்டு பில்லை மாதாமாதம் முழுசாகக் கட்டிவிடுவேன். அதனால் வட்டி வராதுதானே? வேறு என்ன செலவு ஆகும்?

பதில்: வட்டி வரும். கடையில் கார்டைத் தேய்த்து வாங்கும் பொருளுக்குத்தான் பில் கட்ட வேண்டிய கெடு தேதி வரை வட்டியில்லாத காலம் உண்டு. ஏடிஎம்மில் எடுக்கும் பணத்தை வங்கி கடன் என்றே எழுதிக்கொள்கிறது. பெரும்பாலான கார்டுகளில் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே அதற்கு வட்டி ஓடும். பில் வந்ததும் முழுசாகக் கட்டினாலும் அதுவரையான நாட்களின் வட்டியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் உங்கள் திட்டத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது வட்டி இல்லை, "கொஞ்சம் கொஞ்சமாக" என்பதுதான். உங்கள் பணம் பெரும்பாலும் அங்கேதான் கரையப் போகிறது.

ஒரு முறை பணம் எடுத்தால் மூன்று இடங்களில் கட்டணம் பிடிக்கப்படலாம். முதலாவது, அந்த ஏடிஎம்மை நடத்துபவர் வாங்கும் கட்டணம். எடுக்கும் தொகை சிறியதோ பெரியதோ, பல இடங்களில் இது ஒரே தொகைதான். இரண்டாவது, உங்கள் வங்கியின் கேஷ் அட்வான்ஸ் கட்டணம், அதாவது கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதற்கான கட்டணம். எடுத்த தொகையில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். கூடவே குறைந்தபட்சம் இவ்வளவு என்றும் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். மூன்றாவது, அந்நியச் செலாவணிக் கட்டணம். விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் தங்கள் விகிதத்தில் தொகையை மாற்றித் தந்த பிறகு, உங்கள் வங்கி அதன்மேல் வைக்கும் கூடுதல் சதவீதம் இது. சில நாடுகளில் இந்தக் கட்டணங்களுக்கு வரியும் சேரும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் நாட்டுப் பணத்தில் 20,000 தேவை. ஏடிஎம் கட்டணம் 300, கேஷ் அட்வான்ஸ் 3 சதவீதம், அதில் குறைந்தபட்சம் 500, செலாவணிக் கட்டணம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கார்டுக்குக் கார்டு மாறும், கணக்கு போகும் விதம் இதுதான்.

ஒரே தடவையில் எடுத்தால் ஏடிஎம் கட்டணத்தோடு சேர்த்து 20,300 உங்கள் கார்டில் ஏறும். அதற்கு 3 சதவீதம் 609, இன்னொரு 3 சதவீதம் 609. ஏடிஎம்காரரின் 300-க்கும் சேர்த்து உங்கள் வங்கி சதவீதம் பிடிப்பதைக் கவனியுங்கள். மொத்தச் செலவு 1,518. அதாவது ஏழரை சதவீதத்துக்குச் சற்று மேல்.

இதே 20,000-ஐ நான்காயிரம் நான்காயிரமாக ஐந்து தடவை எடுத்தால்? ஏடிஎம் கட்டணம் 1,500. ஒவ்வொரு தடவையும் குறைந்தபட்சக் கட்டணம் 500 என்பதால் அதில் 2,500. செலாவணிக் கட்டணம் 645. ஆக மொத்தம் 4,645, ஏறக்குறைய 23 சதவீதம். கையில் வந்தது அதே 20,000தான்!

இப்போது வட்டிக்கு வருவோம். ஆண்டுக்கு 36 சதவீதம் என்றால், ஒரே தடவை எடுத்த அந்தக் கடனுக்கு, கட்டணங்களையும் சேர்த்து, 45 நாளில் சுமார் 955 ஆகும். ஐந்தே நாளில் திருப்பிக் கட்டிவிட்டால் சுமார் 106தான். அதனால் பில்லுக்காகக் காத்திருக்காதீர்கள். பணம் எடுத்த தொகை உங்கள் கார்டு கணக்கில் பதிவானதும், இருக்கும் இடத்திலிருந்தே ஆப்பில் கட்டிவிடுங்கள். கார்டில் ஏற்கெனவே வேறு செலவுகள் இருந்தால், கட்டும் பணத்தை வங்கி முதலில் எதில் கழிக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். அதிக வட்டியுள்ள பாக்கியில் முதலில் கழிக்க வேண்டும் என்று சில நாடுகளில் விதி உண்டு. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பயணத்துக்கு முன்பே பழைய பாக்கி எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டுக் கிளம்பினால் இந்தக் குழப்பமே வராது.

இதுவரை சொன்னவை எல்லாம் வங்கியின் விதிமுறைத் தாளிலேயே இருக்கும். ஏடிஎம் திரையில் வரும் ஒரு கேள்விதான் ஆட்களை ஏமாற்றுகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடவா?" என்று கேட்கும். பக்கத்திலேயே உங்களுக்குப் பழக்கமான பணத்தில் ஒரு தொகை தெரியும். "நிச்சயமான விகிதம்" என்றுகூடப் போட்டிருப்பார்கள். டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று இதற்குப் பெயர். இதை ஏற்றால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது விசாவோ மாஸ்டர்கார்டோ இல்லை, அந்த ஏடிஎம் தரப்பு. அவர்கள் தங்கள் லாபத்தை அந்த விகிதத்துக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அது 8 சதவீதம் என்றால், ஒரே தடவை எடுப்பதாகப் போட்ட கணக்கில் சுமார் 1,600 கூடும். மற்ற கட்டணம் எல்லாம் சேர்ந்ததைவிட இது அதிகம். இவ்வளவுக்கும் பிறகு, உங்கள் வங்கி தன் செலாவணிக் கட்டணத்தையும் விடாமல் பிடிக்கக்கூடும்.

மாற்ற வேண்டாம் என்பதையே அழுத்துங்கள். வேண்டாம் என்றால் பணமே வராதோ என்று பலர் பயந்து சம்மதித்துவிடுகிறார்கள். அப்படி ஆகாது. நாணய மாற்றத்தைத்தான் மறுக்கிறீர்கள். பணம் வரும், கணக்கு அந்த நாட்டு நாணயத்தில் போகும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? ரொக்கத்துக்கு டெபிட் கார்டு எடுத்துப்போங்கள். ஏடிஎம் கட்டணமும் செலாவணிக் கட்டணமும் அதிலும் வரலாம். ஆனால் உங்கள் சொந்தப் பணத்தை எடுப்பதால் கேஷ் அட்வான்ஸ் கட்டணமும் கிடையாது, வட்டியும் கிடையாது. வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதி அதில் திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். கிரெடிட் கார்டைக் கடையிலும் ஓட்டலிலும் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். செலாவணிக் கட்டணமே இல்லாத கார்டு என்று விளம்பரம் பார்த்து வாங்கியிருந்தால், அது ரொக்கத்துக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினாலும் கேஷ் அட்வான்ஸ் கட்டணம் தனியாக நிற்கலாம்.

ஏடிஎம் வேண்டாம், நாணய மாற்று கவுன்டரில் கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று அடுத்து யோசிப்பீர்கள். அதையும் பல வங்கிகள் ரொக்கம் எடுத்ததாகவே கருதும். சூதாட்ட விடுதியில் கட்டுவது, பணம் அனுப்பும் சேவைக்குக் கட்டுவது ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

அவசரம் வரலாம். டெபிட் கார்டு தொலையலாம். அப்போது கிரெடிட் கார்டில் எடுப்பதில் தப்பே இல்லை, அதற்காகத்தான் அது இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று யோசித்து, பாதுகாப்பாக வைத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு ஒரே தடவையாக எடுங்கள். முடிந்தால் வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மாகப் பாருங்கள். இயந்திரம் கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருப்பார். கிரெடிட் கார்டுக்கென்று உள்ள பின் எண் நினைவில் இருக்கட்டும். ரொக்கம் எடுக்கும் வரம்பு மொத்தக் கடன் வரம்பில் ஒரு பகுதிதான் என்பதால், அதையும் முன்கூட்டியே ஆப்பில் பார்த்து வையுங்கள்.

ஊர் திரும்பியபின், எல்லாம் கட்டியாகிவிட்டதே என்று அடுத்த பில்லைப் பார்க்காமல் விடாதீர்கள். நீங்கள் கட்டிய நாள் வரை ஓடி, இன்னும் பில்லில் ஏறாமல் இருந்த வட்டி அதில்தான் வரும். சின்னத் தொகையாகத்தான் இருக்கும். கவனிக்காமல் கெடு தேதி தாண்டினால், தாமதக் கட்டணம் அந்தத் தொகையைவிடப் பெரிதாகிவிடலாம்.