குறைந்த செலவில் பாங்காக்கைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். நான் தனியாகப் போய் ஐந்து நாள் தங்கினேன். விமான டிக்கெட்டை விட்டுவிட்டால், காசு போனதெல்லாம் தங்கும் இடத்துக்கும் கோயில் நுழைவுச் சீட்டுக்கும்தான். கீழே உள்ள விலைகள் நான் போனபோது இருந்தவை. ஒரு பாட் சுமார் இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்தே ஊருக்குள் ரயில் போகிறது. கடைசி நிலையமான ஃபாயா தாய் வரை 45 பாட். நள்ளிரவு தாண்டி இறங்கினால் ரயில் இருக்காது. அப்போது டாக்சி பிடிக்காமல், விடியும்வரை விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து முதல் ரயிலில் போங்கள்.

தங்குவதற்குப் பலரும் சுகும்வித் பக்கம் போகிறார்கள். நான் பழைய நகரத்தைத்தான் சொல்வேன். தங்க மலைக் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் டார்மிட்டரி படுக்கை ஓர் இரவுக்கு 350 பாட்டுக்குக் கிடைத்தது. அந்தச் சந்தின் முனையில்தான் எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்துப்போன இடம் இருந்தது: பான்ஃபா படகுத்துறை.

சேன் சேப் கால்வாயில் ஓடும் படகுகள் நான் போனபோது அங்கிருந்துதான் கிளம்பின. இது சுற்றுலாப் படகு அல்ல. நம் ஊரில் டவுன் பஸ் மாதிரி, வேலைக்குப் போகிறவர்கள் ஏறி இறங்கும் படகு. இருபது பாட்டுக்குள் டிக்கெட். சாலையில் கார்கள் அப்படியே நிற்கும் நேரத்திலும் இது பறக்கும். தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டு. படகு படித்துறையில் முழுதாக நிற்கக்கூட நிற்காது. ஒட்டி வந்ததும் காலை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். முதல் நாள் தெரியாமல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே இன்னொரு படகு வந்தபோது, பக்கத்தில் இருந்த பாட்டி என் தோளைத் தட்டி மேலே தொங்கிய கயிற்றைக் காட்டினார். இழுத்தேன். நீல நிற பிளாஸ்டிக் திரை சரசரவென்று மேலே ஏற, அதன்மேல் தண்ணீர் பளாரென்று அடித்தது. ஓரத்தில் உட்காருகிறவர்தான் கயிறு இழுக்க வேண்டும், அது அங்கே எழுதப்படாத வழக்கம். டிக்கெட் கொடுக்கும் பெண் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்து வருகிறார். தாழ்ந்த பாலம் வந்தால் குனிந்துகொள்கிறார். இரண்டு பக்கமும் வீடுகளின் கொல்லைப்புறம்: காயும் துணி, பூந்தொட்டி, படிக்கட்டில் தூங்கும் பூனை. பிரதூநாம் படித்துறையில் இறங்கினால் பெரிய பெரிய ஷாப்பிங் மால்கள் பக்கத்திலேயே இருக்கும்.

சாவோ பிரயா ஆற்றிலும் இப்படித்தான். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு 16 பாட். அதே படித்துறையில் சுற்றுலாப் படகுக்குக் கூடுதல் விலையில் டிக்கெட் விற்பார்கள், கொடியின் நிறத்தைப் பார்த்து ஏறுங்கள். தா தியன் படித்துறையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் வாட் அருண் கோயிலுக்குப் போக ஐந்தே பாட் ('வாட்' என்றால் கோயில்).

நுழைவுச் சீட்டு: அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200 பாட். ஒன்றுக்குத்தான் காசு என்றால் யோசிக்காமல் வாட் போ போங்கள். 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தர். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். சுவரோரமாக வரிசையாக வைத்திருக்கும் வெண்கலக் கிண்ணங்களில் மக்கள் ஒவ்வொன்றாகக் காசு போட்டபடி நடக்கிறார்கள். அந்த டிங் டிங் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அரண்மனைக்குப் பக்கத்தில் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில்களைக் காட்டுகிறேன்" என்று ஒரு டுக் டுக்கில் ஏற்றிவிட்டார். வண்டி போய் நின்றது ஒரு ரத்தினக் கடையில். நான் எதுவும் வாங்கவில்லை, ஆனால் பாதி நாள் போனது போனதுதான். யார் என்ன சொன்னாலும் வாசல்வரை நடந்து போய் நீங்களே பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். தெருவோரக் கடையில் ஒரு தட்டுச் சோறும் குழம்பும் 50, 60 பாட். நான் சைவம். காய்கறி மட்டும் போதும் என்று சொன்னாலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அதுதான் உப்பு. "ஜே" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். மீன் சாஸ், முட்டை, பூண்டு கூட இல்லாத உணவு அது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். தெருக்களில் தண்ணீர் இயந்திரம் இருக்கிறது. பாட்டிலை உள்ளே வைத்து ஒரு பாட் போட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும்.

சீலோமில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பலரும் சொல்லியிருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது, அவசியம் போங்கள். ஆனால் நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் கடந்துபோவது, வாட் சுதாட் எதிரே நிற்கும் ராட்சத ஊஞ்சல். இரண்டு உயரமான சிவப்புத் தேக்குக் கம்பங்கள், அவ்வளவுதான். அதில் நடந்த விழாவின் பெயர் திரியம்பாவாய். ஆமாம், நம் திருவெம்பாவைதான்! அரசவைப் பிராமணர்கள் அந்தப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்திருக்கிறார்கள். ஆட்கள் விண்ணுயர ஆடி, மூங்கில் நுனியில் கட்டிய பண முடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். ஆட்டம் 1935-இல் நின்றுவிட்டது. சடங்கு மட்டும் அருகிலுள்ள தேவஸ்தான் என்ற பிராமணர் கோயிலில் இன்றும் நடக்கிறது. தேவஸ்தான் வாசலில் திரியம்பாவாய் என்ற பெயரைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊஞ்சலுக்கு டிக்கெட் எதுவும் இல்லை. பான்ஃபா படகுத்துறையிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் போதும். வெயில் தாழ்ந்தபின் போங்கள்.