வீக்கத்தை விடுங்கள், போட்ட ஊசி எதென்று கேளுங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர்களுடைய நாய் ராணிக்கு 6 வயது, 18 கிலோ. கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, வவுனியாவில் ஒரு கிளினிக்கில் ஒப்பரேசன் செய்து கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பியும் விட்டார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டில் வாய் வைக்காமல் சோர்ந்து கிடந்திருக்கிறாள். ஊரில் மாடுகளுக்குச் சினை ஊசி போட வருகிற அண்ணை ஒருவர் ‘சத்து ஊசி’ என்று ஒன்றைப் போட்டு 1,500 ரூபாய் வாங்கினாராம். அடுத்த நாளே எழும்பிச் சோறு தின்று, வாளி வாளியாகத் தண்ணீரும் குடித்தாள். இப்போது ஐந்தாம் நாள், தையலுக்குக் கீழே கோழி முட்டையளவு வீக்கம். நோவில்லை, ஈரமில்லை. கிளினிக்கில் போன் எடுக்கிறார்கள் இல்லை. அண்ணை நாளைக்கு வந்து வீக்கத்தைக் குத்தி நீரை எடுத்துவிட்டு இன்னொரு ஊசியும் போடுகிறேன் என்கிறார், விடலாமா என்பது கேள்வி.

விடக் கூடாது. அவரைப் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்புங்கள். இதை நேற்றிரவே போனில் சொல்லிவிட்டேன். நீட்டி எழுதுவதற்குக் காரணம், நாயும் ஊரும் மாறி இதே கதை திரும்பத் திரும்ப எனக்கு வருகிறது.

முதலில் நீங்கள் பயப்படுகிற வீக்கம். வயிற்றுக்குள் ஒரு பெரிய உறுப்பை எடுத்த பிறகு தோலுக்கும் தசைக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், நாய் எழும்பி நடக்க நடக்க அதில் நீர் சேரும். மெத்தென்று, சூடில்லாமல், தொட்டால் தண்ணீர்ப் பை போல இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமையில் உடம்பே உறிஞ்சிவிடும். சுத்தமான துணியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிழிந்து, தையலில் படாமல் வீக்கத்தின் மேல் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை வையுங்கள், காணும். குத்தக் கூடாது. உள்ளே இருப்பது கிருமியில்லாத நீர், மாட்டுக் கொட்டிலுக்குப் போய்வந்த ஊசியால் குத்தினால் அடுத்த நாளே அது சீழ். ஒன்றை மட்டும் பாருங்கள்: அவள் நிற்கும்போது தொங்கி, மல்லாக்கப் படுத்ததும் உள்ளே போய்விடுகிற வீக்கமென்றால் அது நீரில்லை. உள்தையல் விட்டு, வயிற்றுக்குள் இருப்பது வெளியே தள்ளுகிறது. அதை அழுத்திப் பார்க்க வேண்டாம், உடனே கொண்டுபோங்கள்.

எனக்குப் பயம் வீக்கத்தில் இல்லை தங்கச்சி, அந்த ‘சத்து ஊசி’யில்தான்.

குப்பியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே இரவில் நாய் எழும்பி நின்றது, அகோரப் பசி, அளவுக்கு மிஞ்சிய தண்ணீர், இவை மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது டெக்ஸாமெதசோன், அதாவது ஸ்ரெரொயிட். விற்றமின் ஊசி போட்டு எந்த நாயும் விடிவதற்குள் வாளித் தண்ணீரைக் குடித்து முடிப்பதில்லை. ஊசிக்காரர்களுக்கு இது மிகவும் பிடித்த மருந்து: மலிவு, வேகம், வீட்டுக்காரர் ‘கை ராசி’ என்பார்கள். இரண்டு நாளில் அந்தத் துள்ளல் போய்விடும், அப்போது இன்னொன்று போட வருவார், அதற்கும் காசு. அதற்கிடையில் உள்ளே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஸ்ரெரொயிட் காயம் ஆறுவதைத் தாமதமாக்கும். கிருமியோடு சண்டை பிடிக்கிற சக்தியைக் குறைக்கும். காய்ச்சலையும் அமுக்கிவிடும், ஆகவே தெர்மோமீற்றர் சரியாகக் காட்டினாலும் அதை நம்ப முடியாது. சீழ் பிடித்த வயிற்றைத் திறந்து மூடியிருக்கிற நாய்க்கு இந்த மூன்றுமே ஆகாது.

அதைவிட மோசமான விடயம், கிளினிக்கில் எழுதிக்கொடுத்த துண்டை நீங்கள் படமெடுத்து அனுப்பியதில் இருந்தது. மெலொக்சிகாம் 7.5 மில்லிகிராம் குளிசையில் கால்வாசி, நாளுக்கு ஒருதரம், நோவுக்கு. அளவு சரிதான். ஆனால் நோவுக் குளிசையும் ஸ்ரெரொயிட்டும் ஒரே நாயின் வயிற்றில் சந்திக்கக் கூடாது. இரைப்பையும் குடலும் புண்ணாகி இரத்தம் கசியும், சில நாய்களுக்கு ஓட்டையே விழும். அதனால் கிளினிக்கோடு கதைக்கும்வரை அந்தக் கால் குளிசையை நிறுத்துங்கள். அன்ரிபயோற்றிக்கை நிறுத்த வேண்டாம், அது வேறு, குறித்த நாள்வரை முழுதாகக் கொடுக்க வேண்டும். மலத்தைத் தினமும் பாருங்கள். தார் போலக் கறுத்து ஒட்டினால் அது உள்ளே கசிகிற இரத்தம்.

குளிசை பற்றிக் கதைக்கும்போதே, பாமசியில் வாங்கிய மட்டையைத் திருப்பி எண்ணை வாசியுங்கள். 7.5 இல்லாவிட்டால் 15 கொடுத்து ‘ரெண்டும் ஒண்டுதான்’ என்று அனுப்பிவிடுவார்கள். கால்வாசி என்று நீங்கள் உடைத்துக் கொடுப்பது அப்போது இரண்டு மடங்காகிவிடும். நோகிறதே என்று வீட்டிலிருக்கிற டைக்குளோபெனாக், ஐபுபுறூபன் எதையும் கொடுக்கவே கூடாது. இந்த வருத்தத்தில் சீழின் நஞ்சு சிறுநீரகத்தை ஏற்கெனவே ஒரு தட்டுத் தட்டியிருக்கும், மிச்சத்தை இந்தக் குளிசைகள் முடித்துவைக்கும். பனடோலும் வேண்டாம். பூனைக்கு ஒரு பனடோலே எமன், இதைப் படிக்கிற பூனைக்காரர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

ஸ்ரெரொயிட் என்றாலே நஞ்சு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தோல் அரிப்புக்கு அல்லது வேறு வருத்தத்துக்கு ஒரு வைத்தியர் எழுதி, மாதக்கணக்காகப் பிரெட்னிசலோன் குடிக்கிற நாய்கள் இருக்கின்றன. அந்த நாயின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். அதற்கு ஒப்பரேசன் என்றால், முதலே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டுப் பயந்து நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது, நிறுத்தினால் நாய் நின்ற நிலையிலேயே விழுந்துவிடலாம். படிப்படியாகத்தான் குறைப்பார்கள், அந்தப் படியை எழுதிக் கேட்டு வாங்குங்கள். வேறொரு வீட்டில் அப்படி ஒரு நாய் குடிக்கிற குளிசையைக் கடன் வாங்கி உங்கள் நாய்க்குக் கொடுப்பதும் நடக்கிறது, அதையும் செய்யாதீர்கள். ராணிக்கு இது பொருந்தாது, அவள் அப்படி எதுவும் குடித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் நாளைக்கு நிறுத்திவிடுவார், எனக்குத் தெரியும்.

காய்ச்சலை நம்ப முடியாவிட்டால் எதைப் பார்ப்பது? முரசை, அதாவது பல்லீறைப் பாருங்கள். உதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். நம்முடைய ஊர் நாய்களில் பலதுக்கு முரசே கறுப்பு, அப்படியென்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். வெளிறி வெள்ளையாக இருந்தாலும், செங்கல் நிறத்தில் கடும் சிவப்பாக இருந்தாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். தையலிலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் வடிந்து துணி நனைந்தாலும் அப்படியே, உள்தையல் விடப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. இரண்டு தடவைக்கு மேல் சத்தி எடுத்தாலோ எழும்பாமல் கிடந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

தண்ணீரை அளந்து வையுங்கள். 18 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 1 லீற்றர், இந்தக் கச்சான் காற்றின் வெக்கைக்கு இன்னும் கொஞ்சம். 2 லீற்றரைத் தாண்டினால் நல்ல தாகம் என்று சந்தோசப்படாமல் எழுதி வையுங்கள். சிறுநீர் எத்தனை தரம் போகிறாள் என்பதையும். சாப்பாட்டுக்குக் குழைந்த சோறும் எலும்பில்லாத அவித்த கோழியும், ஒரேயடியாக இல்லாமல் நாலைந்து தடவையாக. வெங்காயம் போட்ட கறிக் குழம்பு வேண்டாம். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) கரைத்து வைக்கலாம், மறுத்தால் வாயில் ஊற்றித் திணிக்க வேண்டாம், புரையேறும்.

காயத்துக்கு மஞ்சள், மண்ணெண்ணெய், ட்ரக்ரர் கழிவு ஒயில் ஒன்றும் பூச வேண்டாம். பூசினால் நக்குவாள், நக்கினால் வயிற்றுக்குள் போகும். நம்முடைய பக்கத்தில் உண்மையான எதிரி இலையான். காலையில் முட்டையிட்டால் அடுத்த நாளைக்குள் புழு. வேப்பெண்ணெயைக் காயத்தில் இல்லாமல் சுற்றியிருக்கிற மயிரில் தொட்டு விடலாம். அதைவிட நல்லது நுளம்பு வலைக்குள், சீமெந்துத் தரையில், தோய்த்த பழைய சாரம் ஒன்றை விரித்து அவளைப் படுக்கவிடுவது. நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் பழைய ரீசேட்டை முன்கால்களில் மாட்டி, இடுப்பில் முடிச்சுப் போடுங்கள், சிறுநீர் கழிக்கப் போகும்போது மேலே தூக்கிக் கட்ட வேண்டும். இரவில் வீட்டுக்குள் கட்டி வையுங்கள். யானை வந்ததென்று ஊர் நாயெல்லாம் குரைக்கும்போது இவளும் வேலி பாய்ந்தால் தையல் தாங்காது. பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள் தையல் வெட்டும்வரை ஓட்டமும் இல்லை, குளிப்பும் இல்லை.

அந்த அண்ணையை நம்பாமல் யாரை நம்புவது என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். மிருக வைத்தியம் செய்ய யாருக்கு உரிமை என்று 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டம் மோட்டார் சைக்கிளில் உங்கள் படலைக்கு வருவதில்லை, அண்ணை வருகிறார். அரச கால்நடை வைத்தியருக்கு மாடும் ஆடும் தடுப்பூசியும் படிவமுமாகவே பொழுது போய்விடும், நாய் அந்தப் பட்டியலின் அடியில். சனி ஞாயிறில் வருத்தம் வந்தால் நாய் திங்கள்வரை காத்திருக்க வேண்டும். ஒப்பரேசன் செய்த அன்றே அனுப்பி, ஆங்கிலத்தில் கிறுக்கிய துண்டு ஒன்றைக் கையில் தந்து, போனையும் எடுக்காமல் இருக்கிற என் துறைக்காரர்களை என்னவென்று சொல்ல. ஒரு நாய்க்கு ஒரு இரவு படுக்க இடம் இல்லாத கிளினிக் வயிற்றைத் திறக்கவே கூடாது என்பேன், சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

சரி, இனிச் செய்ய வேண்டியது. அண்ணையோடு சண்டை பிடிக்காமல், போட்ட மருந்தின் வெறும் குப்பியைக் கேட்டு வாங்குங்கள். எறிந்துவிட்டேன் என்றால் பையிலிருக்கிற மற்றக் குப்பியின் லேபலைப் படமெடுங்கள். எத்தனை மில்லி, எந்த நாள், எத்தனை மணி என்று துண்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். வீக்கம் இப்படியே இருந்து முரசும் நல்ல நிறமாக இருந்தாலும், நாளை காலை கிளினிக் திறக்கிற நேரத்துக்கு அங்கே நில்லுங்கள், போனுக்குக் காத்திருக்க வேண்டாம். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஓட்டோ அல்லது பக்கத்து வீட்டுப் பட்டா லொறியைப் பேசுங்கள். நாலு காலில் பிடித்துத் தூக்காமல், சாக்கை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து அதில் படுக்க வைத்து ஏற்றுங்கள். வழியில் தையல் விட்டுக் குடல் தெரிந்தால் உள்ளே தள்ள வேண்டாம், கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, வயிற்றைச் சுற்றி மெதுவாகக் கட்டிக்கொண்டு வண்டியை நிறுத்தாமல் போங்கள். ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீரும் இரண்டு துணியும் இன்றிரவே எடுத்து வையுங்கள்.