மாதாமாதம் மாறும் மருந்துச் செலவை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: எங்கள் 15 வயது மகனுக்கு பைபோலார் மனநிலைக் கோளாறு என்று எட்டு மாதங்களுக்கு முன் தெரியவந்தது. அதற்குள் மருந்து மூன்று முறை மாறிவிட்டது. ஒரு மாதம் செலவு குறைவு, அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை, புது மாத்திரை என்று இரண்டு மடங்காகிறது. அவனுடைய கல்லூரிச் சேமிப்பை எடுத்துச் சமாளிக்கலாமா? இப்போது நன்றாகத்தானே இருக்கிறான், டோஸைக் குறைத்துப் பார்ப்போம் என்கிறார் என் கணவர். விலை குறைந்த மாத்திரைக்கு மாறலாமா?

பதில்: உங்கள் கணவர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். டோஸ் என் துறை இல்லை. மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பணக் கணக்கில் மட்டும் பார்த்தாலும் அது நஷ்டம். இந்த நோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். லாமோட்ரிஜின் என்ற இன்னொரு மருந்து சில நாட்கள் விட்டுப்போனால், கடுமையான தோல் ஒவ்வாமைக்குப் பயந்து மறுபடி ஆரம்ப டோஸிலிருந்து பல வாரங்கள் ஏறி வர வேண்டியிருக்கும். ஒரு முறை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், மாத்திரையில் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போனது என்றே தெரியாது.

மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. "எங்களால் மாதம் இவ்வளவுதான் முடியும்" என்று மருத்துவரிடமே சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோர் மருந்துக் கடையில் விலையைக் கேட்டு மலைத்துப்போவார்களே தவிர, எழுதிக் கொடுத்தவரிடம் வாயே திறக்க மாட்டார்கள். மாற்று மருந்து உண்டா, இரண்டு மாத்திரையாகக் கொடுப்பதை அதே அளவில் ஒன்றாக எழுத முடியுமா என்று அவரால்தான் சொல்ல முடியும். நீங்களாகப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளில் அது ஆபத்து.

ஜெனரிக் மாத்திரைக்கு, அதாவது அதே மருந்தை பிராண்டு பெயர் இல்லாமல் மலிவாக விற்பதற்கு, தாராளமாக மாறலாம், மருத்துவருக்குத் தெரிந்து. ஒரே எச்சரிக்கை: லித்தியம் போன்றவற்றில் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று தாவாமல் ஒன்றிலேயே இருங்கள்.

புது மருந்து எழுதும்போது மாத்திரை விலையை மட்டும் கேட்காதீர்கள். "பரிசோதனையும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். மனநோய்க்கு லித்தியம் கொடுப்பது 1949-இலிருந்தே நடக்கிறது. மாத்திரை பொதுவாக மலிவு; செலவு வைப்பது பரிசோதனைகள்தான். ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும். டோஸ் மாறும் காலத்தில் அடிக்கடி, நிலைப்பட்டபின் சில மாதங்களுக்கு ஒரு முறை. வால்ப்ரோயேட் என்ற மருந்தானால் கல்லீரலும் ரத்த அணுக்களும். புதிய வகை ஆன்டிசைக்கோட்டிக் (மனநோய்க்குத் தரும் இன்னொரு வகை மருந்து) என்றால் எடை, சர்க்கரை, கொழுப்பு.

மருந்து இன்னும் நிலைப்படாததால் சிறு அளவாகவே வாங்குங்கள். மாற்றி எழுதினால் மிச்சம் குப்பைக்குத்தான் போகும். நிலைப்பட்டபின் மொத்தமாக வாங்கி, இரண்டு வாரத்துக்கு உபரி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பை உங்கள் பொறுப்பில் பூட்டி வையுங்கள். மனம் சோர்ந்த நேரத்தில் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் மொத்த மாத்திரையும் இருக்கக் கூடாது. இதைப் பணத்துக்காகச் சொல்லவில்லை.

சரி, பட்ஜெட். எட்டு மாத ரசீதுகளைக் கூட்டி எட்டால் வகுங்கள். அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். அதிகம் செலவான மாதத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை இரு மடங்காக்கி, அதே கணக்கில் முன்பணமாக வையுங்கள். ஆலோசனைக் கட்டணம், சம்பளமில்லா விடுப்பு, போக்குவரத்து எல்லாம் இதில் சேர வேண்டும். விடுப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பல வீடுகளில் அதுதான் மாத்திரையைவிடப் பெரிய செலவு.

கல்லூரிச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். அதற்குப் போடும் மாதத் தவணையை வேண்டுமானால் ஒரு வருடம் நிறுத்தி, இந்தக் கணக்குக்குத் திருப்புங்கள். கிரெடிட் கார்டில் தள்ளிக்கொண்டே போவதுதான் மிக மோசமான வழி.

காப்பீட்டில் இரண்டு விஷயம். இப்போதுள்ள பாலிசியைக் காலாவதியாக விடாதீர்கள். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய் என்று நிபந்தனை போட வாய்ப்புண்டு. அப்புறம், விண்ணப்பத்தில் நோயை மறைக்க வேண்டாம், கிளெய்ம் வரும் நேரத்தில் அதைக் காட்டியே நிராகரிப்பார்கள். மருத்துவமனையில் சேராமல் வாங்கும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் பணம் கிடைக்குமா என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை. மேனியா நிலையில், அதாவது மனம் அளவுக்கு மீறிப் பரபரக்கும் கட்டத்தில், கண்மூடித்தனமாகச் செலவழிப்பது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அவன் போனில் உங்கள் கார்டு பதிவாகியிருந்தால் இன்றே நீக்கிவிட்டு, குறைந்த வரம்புள்ள தனிக் கார்டு கொடுங்கள். தெளிவாக இருக்கும் நாளில் காரணத்தையும் அவனிடமே சொல்லிவிடுங்கள். 18 வயதானதும் வங்கியோ மருத்துவரோ அவன் சம்மதம் இல்லாமல் உங்களிடம் பேசத் தயங்கலாம். அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது பற்றி 17 வயதிலேயே அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.