ஆயா சொன்ன ரெண்டு கொம்பு

கேள்வி: என் பொண்ணுக்கு ஒம்போது வயசு, சனிக்கிழமை தமிழ் கிளாஸுக்குப் போறா. போன வாரம் எல்லாரும் பருப்பும் சோறும் சாப்பிடும்போது தனக்கு மட்டும் நூடுல்ஸ் கேட்டா. என் மாமியார் "உனக்கு மட்டும் என்ன ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு?"ன்னுட்டாங்க. இவ போன்ல தேடிப் பார்த்துட்டு, கொம்புன்னா ஹார்னாம், ஆயா என்னை சாத்தான்னு சொல்லிட்டாங்கன்னு ஒரே அழுகை. ஆயாகிட்ட பேசறதில்ல, கிளாஸும் வேணாங்கறா. என் நாத்தனார் வேற பிள்ளைய ஏத்தி விடறாங்க. என்ன பண்றது?
- ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு, ஏன்னா ஆயா மேலயும் தப்பில்ல, பிள்ள மேலயும் தப்பில்ல. நம்ம பேச்சுல கொம்பு முளைச்சிருக்கான்னு கேட்டா, நீ மட்டும் என்ன ஒசத்தியா, எல்லாருக்கும் உள்ளதுதானே உனக்கும்னு அர்த்தம், அவ்வளவுதான். மாட்டுக்கு கொம்புதான் பலம், யானைத் தந்தத்தையும் கொம்புன்னுதான் சொல்வாங்க, அதனாலதான் பெரிய ஆளைக் கொம்பன்னு சொல்றோம். சாத்தான் கொம்பு அவ கார்ட்டூன்ல பார்த்தது, ஆயா மனசுல அந்தப் படமே கிடையாது. ஆயா மனசுல இருக்கற கொம்பைப் பார்க்கணும்னா பிரதோஷத்தன்னைக்கு அவளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ, நந்தி பின்னாடி நின்னு ரெண்டு கொம்புக்கும் நடுவுல சிவனைப் பார்க்கச் சொல்லு, அதை விடப் பெரிய விளக்கம் என்கிட்ட இல்ல.

போன் சொன்ன ஹார்னும் நம்ம கொம்பும் பாதிதான் பொருந்தும். ரோட்டுல டாக்ஸிக்காரர் அடிக்கற ஹூட்டரை இங்க யாரும் கொம்புன்னு சொல்றதில்ல, ஆனா 2010 ஃபுட்பால் உலகக் கோப்பையில ஊதித் தள்ளின வுவுசேலாக் குழலைக் கொம்புன்னு சொல்லலாம், ஊர்ல திருவிழாவுக்கு ஊதற வளைஞ்ச வாத்தியத்துக்குப் பேரே கொம்புதான். ஹ்லுஹ்லுவே சரணாலயத்துல பார்க்கற காண்டாமிருகத்துக்கு மூக்கு மேல இருக்கறதும் கொம்புதான், ஆனா உள்ள எலும்பே கிடையாது, நம்ம நகத்துல இருக்கற அதே கெரட்டின்தான்.

அவ தமிழ் நோட்டை எடுத்துப் பாரு, அதுல பூரா கொம்புதான். கெ எழுத ஒத்தைக்கொம்பு, கே எழுத ரெட்டைக்கொம்பு. கொம்புன்னு எழுதறதுக்கே முதல்ல ஒரு கொம்பு போட்டாகணும்! முன்னாடி ஓலைச்சுவடியில குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான், குறிலுக்கு மேல ஒரு புள்ளி வைக்கணும், அதையும் பல பேர் வைக்காம விட்டுடுவாங்க, இடம் பார்த்துப் புரிஞ்சுக்க வேண்டியதுதான். 18ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர்தான் நெடிலுக்குன்னு ரெட்டைக்கொம்பு கொண்டு வந்தார். அவளை உட்கார வச்சு 'கெட்ட பொண்ணு'ன்னு எழுதச் சொல்லு, அப்புறம் அந்த ஒத்தைக்கொம்பை அழிச்சிட்டு ரெட்டைக்கொம்பு போடச் சொல்லு. 'கேட்ட பொண்ணு'ன்னு வரும். ஆயா நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு அவ கேட்டிருந்தா இந்த அழுகையே வந்திருக்காது, இப்பவும் கேட்கலாம்னு சொல்லு.

மரக்கிளையும் கொம்புதான், நுனிக்கொம்பர் ஏறினார்னு வள்ளுவர் சொல்றது மாட்டுக்கொம்பு இல்ல, மரத்தோட நுனிக்கிளை. கொடி பிடிச்சு ஏற நடற குச்சி கொழுகொம்பு. எங்க ஆயா டபுள் பீன்ஸ் விதை போட்டு, கொடி ஒரு சாண் வந்ததும் பக்கத்துல குச்சி ஊனி, பழைய சேலைக் கிழிசல்ல லூசா ஒரு முடிச்சுப் போடுவாங்க, இறுக்கினா தண்டு அறுந்துடும்மா, ரெண்டு விரல் போற மாதிரி விடுன்னு என் விரலையே உள்ள விட்டுப் பார்ப்பாங்க. அந்த முடிச்சு இன்னும் என் கைக்குத் தெரியும்.

உன் மாமியார்கிட்டயும் தனியா சொல்லிடு, பிள்ளை எதுக்கு அழுதான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு நினைக்கிறேன், தெரிஞ்சா அவங்களே கூப்பிட்டு மடியில வச்சுக்குவாங்க. நாத்தனார்கிட்ட தயவுசெஞ்சு இதுல கொம்பு சீவி விடாதீங்க அண்ணின்னு நேராவே சொல்லு. அப்புறம் ரெண்டு பேரையும் ஒரு பிடி விதையோட பின்பக்கம் அனுப்பு, குச்சியைப் பிள்ளை ஊனட்டும், முடிச்சை ஆயா போடட்டும், நீ கூடப் போகாத.