நான்கே நாளில் ஏற்றுக்கொண்ட இதழுக்குப் பணம் கட்டலாமா?

வணக்கம் டாக்டர். முதியவர்கள் தடுமாறி விழுவது பற்றிய உங்கள் ஓராண்டுத் தொடர் ஆய்வை, மதிப்பாய்வாளர் குறிப்பு ஒன்றுகூட இல்லாமல், நான்கே நாளில் ஏற்றுக்கொண்டு 900 டாலர் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். பதிப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இணை ஆசிரியர்கள் எல்லோரையும் சேர்த்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், அதற்கும் தனியாகப் பணம் கேட்டால் அசையாதீர்கள், ஆனால் அந்த மின்னஞ்சல்களைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த இதழின் ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்ல அவை தேவைப்படும்.

அந்த இதழ், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெடில் வருகிறது என்பது மட்டும் போதாது. பப்மெடில் இருப்பதெல்லாம், தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் சேர்க்கும் மெட்லைனில் இருப்பதில்லை. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் தேடினால், அந்த இதழ் மெட்லைனில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சந்தாவில் நடக்கும் முதுமை மருத்துவ இதழ்கள் பலவற்றில் ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை, முதலில் அவற்றைப் பாருங்கள். அப்புறம், அனுப்பும் முன், இப்படிப்பட்ட ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களையும் சரிபாருங்கள். முக்கியமாக, இடையில் விடுபட்டவர்கள் எத்தனை பேர், இறந்தார்களா, மகன் வீட்டுக்குப் போய்விட்டார்களா என்பதை எழுதுங்கள். முதியோர் ஆய்வில் முடிவையே மாற்றக்கூடிய இடம் அது, நல்ல மதிப்பாய்வாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.