இரவல் ஆட்கள், முடிவுத் தேதி உள்ள வேலை: சிறப்புத் திட்ட இயக்குநர் பற்றிச் சில கேள்விகள்

நூற்பாலை, மருத்துவமனை, உதிரிபாகத் தொழிற்சாலை என்று மூன்று இடங்களில் மொத்தம் 19 வருடம் 'ஸ்பெஷல் ப்ராஜெக்ட்ஸ்' நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி வந்த கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றையும் என்னைச் சிரிக்க வைத்தவற்றையும் எடுத்திருக்கிறேன்.

என் அண்ணனுக்கு 'டைரக்டர் – ஸ்பெஷல் ப்ராஜெக்ட்ஸ்' என்று பதவி கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவர் மட்டும் "ஓரங்கட்டிவிட்டார்கள்" என்று சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். எது உண்மை? – மதுரை

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இந்தப் பெயரில் இரண்டு விதமான நாற்காலி உண்டு.

ஒன்று, எந்தத் துறைக்குள்ளும் அடங்காத, ஆனால் நிர்வாகத்துக்கு மிகவும் வேண்டிய ஒரு வேலையை நம்பி ஒருவர் கையில் கொடுப்பது. வேறு ஊரில் புது யூனிட் தொடங்குவது, வாங்கிய கம்பெனியை நம் கணக்குவழக்கோடு சேர்ப்பது, பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு, கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈ.ஆர்.பி. கொண்டுவருவது, நஷ்டத்தில் ஓடும் கிளையைச் சத்தமில்லாமல் மூடுவது எல்லாம் இந்த வகை. இன்னொன்று, வெளியே அனுப்பவும் மனமில்லை, உள்ளே இடமும் இல்லை என்ற நிலையில் இருக்கும் மூத்தவருக்கு ஓர் அறையும் வாசலில் ஒரு பெயர்ப்பலகையும் கொடுப்பது.

உங்கள் அண்ணனின் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். எந்தத் திட்டம் என்று பெயர் போட்டிருக்கிறதா? முடிய வேண்டிய தேதி இருக்கிறதா? எத்தனை ரூபாய் வரை அவரே கையெழுத்துப் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்களா? வெறுமனே 'சிறப்புத் திட்டங்கள்' என்று பன்மையில் எழுதி, நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பணிகள் என்று முடித்திருந்தால், அண்ணன் சாப்பிடாமல் இருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அதோடு கதை முடிந்துவிடாது. என் முதல் நியமனமே அந்த இரண்டாவது வகைதான். ஆறு வாரம் பேப்பர் படித்தேன், டீ குடித்தேன். அப்புறம் கோடவுனில் ஸ்டாக் கணக்கு மாதாமாதம் ஒத்துப்போகாமல் கணக்குப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் சண்டை போடுவதைப் பார்த்து, "இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று எம்.டி.யிடம் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். யாருக்கும் வேண்டாத தலைவலி, உடனே கொடுத்துவிட்டார். அண்ணனையும் அப்படி ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். யாருக்கும் சொந்தமில்லாத சண்டை எல்லாக் கம்பெனியிலும் குறைந்தது இரண்டு இருக்கும்.

விசிட்டிங் கார்டில் 'டைரக்டர்' என்று இருந்தால் கம்பெனியின் கடன், வழக்கு எல்லாம் என் தலையில் விழுமா? – சேலம்

கார்டில் இருப்பதால் மட்டும் விழாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 2(34) பிரிவுப்படி, இயக்குநர் என்றால் இயக்குநர் குழுவில் நியமிக்கப்பட்டவர். அதற்கு உங்களுக்கு டி.ஐ.என். என்ற இயக்குநர் அடையாள எண் வேண்டும். டி.ஐ.ஆர்-2 என்ற படிவத்தில் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இது எதுவும் நடக்கவில்லையென்றால் உங்கள் 'டைரக்டர்' ஒரு பதவிப் பெயர், 'ஜெனரல் மேனேஜர்' மாதிரி.

கவனிக்க வேண்டியது வேறு இடத்தில். திட்டத்துக்காகத் தனியாக ஒரு துணைக் கம்பெனி பதிவு செய்யும்போது, "ஒரு பெயர் குறைகிறது, நீங்களே போட்டுவிடுங்கள்" என்று அந்தப் படிவத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திட்டால் 166-வது பிரிவு சொல்லும் கடமைகள் அத்தனையும் உங்களுக்கு வந்துவிடும். ஒரு வக்கீலையோ கம்பெனி செக்ரட்டரியையோ கேட்காமல் பேனாவைத் திறக்காதீர்கள். மற்றபடி, 'இயக்குநர்' என்று சொன்னால் "எந்தப் படம் சார்?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

உண்மையில் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்? மீட்டிங் மட்டும்தானா? – திருச்சி

மீட்டிங் நிறைய உண்டு, மறுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் நிர்வாகத்துக்கு அறிக்கை, ஒரு நாள் பணம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, மீதி நாள்களில் பாதி துறைத் தலைவர்களைத் தாஜா செய்வது. ஆனால் வேலை நடக்கும் இடம் மீட்டிங் அறை இல்லை என்று கற்றுக்கொள்ள எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

மேலே சொன்ன கோடவுன் விவகாரம்தான், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. நூல் மூட்டைகளை லாட் வாரியாக, அதாவது ஒன்றாகத் தயாரான தொகுதி வாரியாக, பிரித்து அனுப்ப வேண்டும். லாட் கலந்துபோனால், பின்னலாகிச் சாயம் ஏறும்போது துணியில் பட்டை பட்டையாகத் தெரியும், சரக்கு திரும்பி வரும். அதற்காக ஒவ்வொரு மூட்டைக்கும் பார்கோடு ஸ்டிக்கர், கையில் ஸ்கேனர் என்று நாலு மாதம் உழைத்தோம். தொடங்கிய அன்று இரவு பத்து மணிக்குத் திருப்பூர் லாரி வந்து நிற்கிறது. லோடுமேன்கள் ஸ்கேனரை மூலையில் வைத்துவிட்டு, பழையபடி சாக்பீஸ் எண்ணைப் பார்த்து மூட்டை ஏற்றுகிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

கோடவுன் கீப்பர், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி இருந்தவர், என் கையைப் பிடித்து மூட்டை அடுக்கியிருந்த அட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். ஸ்டிக்கரை மூட்டையின் விலாப்பக்கத்தில் ஒட்டியிருந்தோம். படுக்கவைத்து அடுக்கும்போது விலாவோடு விலா ஒட்டிக்கொள்ளும், ஒன்றுகூட வெளியே தெரியாது. நடைபாதையைப் பார்த்து நிற்பது மூட்டையின் அடிப்பக்கம்தான். முப்பது வருடமாகச் சாக்பீஸ் எண் இருந்ததும் அங்கேதான். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்றார். மறுநாள் ஸ்டிக்கர் அடிப்பக்கத்துக்கு மாறியது. அதற்குப் பிறகும் மூன்று மாதம் சாக்பீஸைத் தடை செய்யவில்லை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆக, நாள் முழுக்க என்ன செய்வேன் என்றால், யாரிடம் கேட்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பேன்.

பி.எம்.பி. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல்) சான்றிதழ் வாங்கினால் இந்த வேலை கிடைக்குமா? – சென்னை

வேலை கிடைக்காது, நேர்முகத் தேர்வு வரை போகலாம். நாலு வருடப் பட்டம் இருந்தால் 36 மாதத் திட்டத் தலைமை அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள். ஆகவே கல்லூரி முடித்தவுடன் ஓட வேண்டியதில்லை. என் கண்ணுக்கு, கணக்கு படிக்கத் தெரிந்தவர் முந்துகிறார். பட்ஜெட்டில் எது மூலதனச் செலவு, எது நடப்புச் செலவு என்று தெரியாமல் திட்டம் நடத்தப் போனவர்கள் ஃபைனான்ஸ்காரரிடம் அடிவாங்கித் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

வயது 34. மருத்துவமனையில் புது கேன்சர் பிரிவு தொடங்கும் திட்டம் என் பொறுப்பு. துறைத் தலைவர்கள் ஆள் தருவதாகத் தலையாட்டுகிறார்கள், தருவதில்லை. கூட்டத்தில் "சொல்லும்மா பாப்பா" என்கிறார் ஒருவர். – வேலூர் வாசகி

பாப்பாவுக்கு முதலில் பதில். ஒரு தடவை, எல்லோர் முன்பும் இல்லாமல், அவர் அறையிலேயே போய், "டாக்டர், கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று சிரிக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

ஆள் விஷயம் பெரியது, இந்த வேலையின் மையமே அதுதான். உங்களுக்குக் கீழே நிரந்தரமாக யாரும் இல்லை, வருபவர்கள் எல்லோரும் இரவல். இரவல் வாங்கிய பாத்திரத்துக்கே ஒரு கணக்கு இருக்கும்போது ஆளுக்கு வேண்டாமா? "உங்கள் துறையிலிருந்து ஒருவர்" என்று கேட்டால், அவர்களுக்கு எந்த ஆள் இல்லாமலும் வேலை ஓடுமோ அந்த ஆளைத்தான் அனுப்புவார்கள். இன்னார், செவ்வாயும் வியாழனும், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று பெயர் போட்டுக் கேளுங்கள். கூடவே, அந்த ஆளின் வருடாந்திர மதிப்பீட்டில் உங்கள் கருத்துக்கும் இடம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். நர்சிங் சூப்பரின்டென்டன்ட் தன் சிஸ்டரின் இன்கிரிமென்ட்டை முடிவு செய்யும்வரை, அந்த சிஸ்டர் உங்கள் கூட்டத்துக்கு ஏன் ஓடிவர வேண்டும்?

எண்ணிக்கையும் அதிகம் கேட்காதீர்கள். அமெரிக்காவில் 1943-ல் லாக்ஹீட் விமானக் கம்பெனியில் கெல்லி ஜான்சன் என்பவர் தனி இடம், கொஞ்சம் பேர் என்று வைத்துக்கொண்டு, எக்ஸ்.பி-80 என்ற ஜெட் விமானத்தை 143 நாளில் செய்து முடித்தார். ஆட்களை ஈவிரக்கம் பார்க்காமல் குறைவாக வைக்க வேண்டும் என்பது அவர் பின்னால் எழுதிவைத்த 14 விதிகளில் ஒன்று. அந்தப் பிரிவுதான் 'ஸ்கங்க் வொர்க்ஸ்' என்று பெயர் பெற்றது. உங்கள் கேன்சர் பிரிவுக்கு முழு நேரமாக நாலு பேர் கிடைத்தால், அரை மனதாக வரும் இருபது பேரை விட்டுவிடலாம்.

புது பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேரைத் தீபாவளிக்கு முன்னாலேயே முடித்துவிடு என்கிறார் முதலாளி. நான் தயங்குகிறேன். – சிவகாசி

உங்கள் ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்ததே போதும், தயக்கம் சரி. ஹெர்ஷே என்ற அமெரிக்க சாக்லேட் கம்பெனி 1999 ஜூலையில் இதைத்தான் செய்தது. ஆலோசகர்கள் நாலு வருட வேலை என்று சொன்னதை இரண்டரை வருடமாகச் சுருக்கினார்கள். ஏப்ரலில் தொடங்க வேண்டியது இழுத்து ஜூலைக்கு வந்தது. அவர்களுக்கு அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன்தான் தீபாவளி. கோடவுனில் சாக்லேட் இருக்கிறது, ஆர்டரும் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் இரண்டும் தெரியவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் போனது.

முதலாளியிடம் ஹெர்ஷே கதை எடுபடாது. "தீபாவளிக்கு முந்தின பத்து நாளில் ஒரு நாள் பில் போட முடியாவிட்டால் எத்தனை லாரி நிற்கும்?" என்று கேட்டு, அவரையே கணக்குப் போட விடுங்கள். தீபாவளி முடிந்து சரக்கு காலியாக இருக்கும் வாரத்தில் மாற்றினால் எண்ணுவதற்கு மூட்டையும் குறைவு.

காலக்கெடுவை மேலே இருப்பவர் பாதியாகக் குறைத்தால்? – இராமநாதபுரம்

உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கொடுத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார், பிற்பாடு கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டினாரே, அவர்தான். கடலுக்குள் விழுந்துகிடந்த கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்தரங்களை, தேடி மேலே எடுத்து, திரும்பப் பொருத்தினார்கள். புதிதாகச் செய்து வர வைத்திருந்தால் அந்த வேகம் நடக்கிற காரியமா?

ஆகவே தேதி குறைந்தால் "முடியாது" என்றும் சொல்லாதீர்கள், "சரி" என்றும் சொல்லாதீர்கள். வழியில் எதை விட்டுவிடலாம், கையில் இருக்கும் எதை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள்.

தொண்டு நிறுவனமொன்றில் விசேட செயற்றிட்டங்களுக்குப் பணிப்பாளராக இருக்கிறேன். நன்கொடையாளரின் நிதி மார்கழியுடன் முடிகிறது. பதினொரு ஊழியர்களின் நிலை என்ன? – மட்டக்களப்பு

உங்கள் 'பணிப்பாளர்' என்ற சொல் எங்கள் 'இயக்குநரை'விடப் பிடித்திருக்கிறது, பணி என்பது அதில் இருக்கிறது.

செலவாகாத மீதி ஏதாவது இருந்தால், கூடுதல் பணம் கேட்காமல் காலத்தை மட்டும் நீட்டித் தரும்படி இப்போதே எழுதுங்கள். பல நன்கொடையாளர்கள் சம்மதிப்பார்கள், ஆனால் ஒப்பந்தம் முடிவதற்கு முன் கேட்டால்தான். ஊழியர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கடைசி மாதத்தில் தெரிந்துகொள்வதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. ஐந்து வருட சேவை நிரம்பியவர்களுக்கு இலங்கையின் 1983-ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டம் பொருந்துமா என்று கணக்காளரோடு உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் பொருள்கள்: நீர்ப்பம்பி, படகு இயந்திரம், மோட்டார் சைக்கிள் எது யார் பெயரில் இருக்கிறது? கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுப்பதென்றால், சாவியோடு பழுதுபார்க்கிறவரின் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள்.

அரசாங்கத்தில் இந்த மாதிரி வேலை உண்டா? – தருமபுரி

சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறை என்று தமிழக அரசில் ஒரு துறையே இருக்கிறது. மேல் பொறுப்புகள் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு, நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இளைஞர் என்றால் 2022-ல் அறிமுகமான முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைப் பாருங்கள். இரண்டு வருடம் அரசுத் திட்டங்களோடு உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

எம்.டி. வீட்டுக் கல்யாணத்தைக்கூட 'ஸ்பெஷல் ப்ராஜெக்ட்' என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். மறுக்கலாமா? – ஈரோடு

நானும் ஒன்று நடத்தியிருக்கிறேன். 2,400 இலை. ரசம் தீர்ந்துபோனதை இன்றைக்கும் அந்த வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள். மறுப்பது கஷ்டம்தான், ஆனால் கம்பெனிப் பணம் ஒரு ரூபாயும் அதில் கலக்காதபடி, கம்பெனி வண்டி போனால் டீசல் உட்பட, தனி நோட்டில் எழுதி முடித்த மறுநாளே எம்.டி.யின் சொந்தக் கணக்கில் பைசல் செய்துவிடுங்கள். ஆடிட்டர் வரும்போது பந்தலைப் பிரித்திருப்பார்கள், நீங்கள் மட்டும் அங்கே இருப்பீர்கள்.