தீபாவளிக்கு ஏன் லீவு இல்லை? கடை, அலுவலக ஊழியர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் இருபது வருடத்துக்கு மேல் சம்பளப் பதிவேடு எழுதியவள் நான். அதற்குப் பிறகு தொழிற்சங்க வேலை. கீழே நான் சொல்பவை இலங்கையின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தை வைத்துச் சொல்பவை. ஆடைத் தொழிற்சாலை, தேயிலைத் தோட்டம், அரசாங்க உத்தியோகம் ஆகியவற்றுக்கு வேறு விதிகள் உண்டு. அங்கே இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் கணக்காக எடுத்துவிட வேண்டாம்.

வெள்ளவத்தை, துணிக்கடை ஊழியர்: அக்கா, தீபாவளி பொது விடுமுறை என்று கலண்டரில் இருக்கிறது. முதலாளியோ கடை திறக்கிறார். வராவிட்டால் அன்றைய சம்பளத்தை வெட்டுவாராம். வெட்டலாமா?

வெட்டலாம், தம்பி. சொல்ல எனக்கும் மனமில்லைதான். கலண்டரை இன்னொரு முறை கிட்டப் பாருங்கள். திகதியின் பக்கத்தில் பொது, வங்கி, வர்த்தகம் என்று மூன்று வகைக் குறிகள் இருக்கும். தீபாவளிக்கு முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது இல்லை. கடைக்காரரைக் கட்டுவது அந்த மூன்றாவது குறிதான். போயா (பௌர்ணமி) தினங்களை விட்டால் அந்தக் குறி விழும் நாட்கள் எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள், வருடப் பிறப்பு, மே தினம், வெசாக் போயாவுக்கு அடுத்த நாள், மீலாதுன் நபி, நத்தார். மகா சிவராத்திரியும் பெரிய வெள்ளியும் தீபாவளியைப் போலத்தான். வங்கி பூட்டியிருக்கும், பக்கத்துக் கடை திறந்திருக்கும்.

தமிழ் முதலாளிமார் பலர் அன்று தாங்களாகவே கடையைப் பூட்டிவிடுவார்கள். அது வழக்கம், சட்டம் இல்லை. உங்கள் முதலாளி பூட்டாதவர் என்றால், அந்த நாளுக்கு வருடாந்த லீவை இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். முதல் நாள் இரவு, கல்லாப்பெட்டியைச் சுற்றி இருபது பேர் நிற்கும்போது கேட்டால் எந்த முதலாளியும் தலையாட்ட மாட்டார்.

புறக்கோட்டை, ஹாட்வெயார் கடை: தைப்பொங்கல் அன்று வேலை செய்தோம். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் தந்தார்கள். வேறு ஒன்றும் இல்லை.

பார்சல் முதலாளியின் அன்பு. சட்டம் கேட்பது வேறு. அந்த எட்டு நாட்களில் ஒன்றில் வேலை வாங்கினால், அந்த வருடம் டிசம்பர் 31க்குள் சம்பளத்தோடு இன்னொரு நாள் லீவு தர வேண்டும், அல்லது அன்றைக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். போயா தினத்துக்குக் கணக்கு வேறு, ஒன்றரை நாள் சம்பளம். இரண்டையும் குழப்பி எல்லாவற்றுக்கும் ஒன்றரை போடும் கணக்காளர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி, அலுவலக எழுதுவினைஞர்: போன வருடம் ஏப்ரலில் சேர்ந்தேன். வருடத்துக்கு 14 நாள் லீவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு 10தான் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. நீங்கள் சேர்ந்த திகதி அப்படி. சேர்ந்த வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. அடுத்த வருடம் எத்தனை நாள் என்பதைச் சேர்ந்த மாதம் தீர்மானிக்கிறது. ஜனவரி முதல் மார்ச் 31 வரை சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, ஒக்டோபர் முதலாம் திகதியோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு 4. மூன்றாவது வருடத்திலிருந்து எல்லோருக்கும் 14. அதில் ஏழு நாளாவது தொடர்ச்சியாகத் தர வேண்டும். ஊருக்குப் போய்வர வசதியாக வைத்த விதி அது. கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் திகதியைக் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் மார்ச் 20ஆம் திகதி வேலைக்கு வந்தான். "இரண்டு கிழமை பார்ப்போம்" என்றார்கள். நியமனக் கடிதத்தில் விழுந்த திகதி ஏப்ரல் 2. அந்தப் பதின்மூன்று நாளில் அடுத்த வருடத்து நான்கு நாள் லீவு போய்விட்டது. அவன் நல்ல காலம், வரவுப் புத்தகத்தில் மார்ச் 20க்கு நேரே நீல மையில் அவனுடைய கையெழுத்து இருந்தது. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான். மனேஜரிடம் காட்டினான், திகதியைத் திருத்திக் கொடுத்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை.

தெமட்டகொடை, கணினிக் கடை: டெங்கு வந்து ஒன்பது நாள் படுத்துவிட்டேன். மெடிக்கல் சான்றிதழ் கொடுத்தும் இரண்டு நாளை நோ-பே (சம்பளமில்லாத லீவு) ஆக்கிவிட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் நோய்க்கென்று தனி லீவு இல்லை. கஷுவல் லீவு வருடத்துக்கு ஏழு நாள். காய்ச்சலோ, சொந்த வேலையோ, வேறு நியாயமான காரணமோ, எல்லாம் அந்த ஏழுக்குள்தான். முதல் வருடத்தில் அதுவும் முழுசாகக் கிடைக்காது. இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள். உங்கள் ஒன்பதில் ஏழு போக மீதி இரண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வருடாந்த லீவு மிச்சம் இருந்தால் அந்த இரண்டை அதில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். நியமனக் கடிதத்தையும் ஒரு தடவை படியுங்கள். சில நிறுவனங்கள் நோய் லீவு தனியாகத் தருவதாக அதில் எழுதியிருக்கும். எழுதியிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். டெங்கு வருடா வருடம் வரும் ஊரில் ஏழு நாள் போதும் என்று நினைத்தவர்கள் எப்படித்தான் நினைத்தார்களோ.

கொட்டாஞ்சேனை: எனக்கு இது மூன்றாவது பிள்ளை. பிரசவ லீவு 42 நாள்தான் என்கிறார் மனேஜர்.

அது பழைய கதை, தங்கச்சி. 2018இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. எத்தனையாவது பிள்ளையானாலும் சம்பளத்தோடு 84 நாள். வாராந்த விடுமுறையும் போயாவும் வர்த்தக விடுமுறைகளும் அந்த 84இல் சேராது. ஆகவே கலண்டரில் எண்ணினால் மூன்றரை மாதத்தைத் தாண்டும். "2018 திருத்தம்" என்ற இரண்டு சொல்லை மனேஜரிடம் சொல்லிப் பாருங்கள்.

அதே வீட்டிலிருந்து, கணவர்: அப்பாவுக்கு லீவு?

தனியார் துறையில் சட்டப்படி ஒன்றும் இல்லை. அரசாங்க ஊழியருக்கு மூன்று நாள். உங்கள் கஷுவல் லீவை இப்போதே சேமியுங்கள்.

மட்டக்களப்பு: அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை என்று ஊருக்கு வந்தேன். போனில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பத்தாம் நாள், நான் வேலையைக் கைவிட்டுவிட்டதாகக் கருதுவதாக கடிதம் வந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கண்டு பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் பெரிய பிழை. ஒருவர் வேலையைக் கைவிட்டார் என்று சொல்ல இரண்டு விஷயம் வேண்டும். ஆள் வராமல் இருந்திருக்க வேண்டும். திரும்பி வரும் எண்ணமும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். முதலாவது நடந்தது உண்மை. இரண்டாவதை முறிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இன்றைக்கே பதில் எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். எந்தத் திகதியில் யாருக்குப் போன் எடுத்தீர்கள், அப்பா எந்த ஆஸ்பத்திரியில் எந்தத் திகதியில் அனுமதிக்கப்பட்டார், நீங்கள் எந்தத் திகதியில் வேலைக்கு வருகிறீர்கள், அவ்வளவுதான். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திகதியில் கட்டாயம் போய் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டால் அன்றே தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வேலை நீக்கியதாக முடிந்தால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம். ஆறு மாதம் என்பது கேட்க நீளமாக இருக்கும், சமாதானம் பேசிப் பேசியே ஐந்து மாதம் ஓடிவிடும்.

தெகிவளை, பேக்கரி விற்பனையாளர்: ஞாயிறு மட்டும் லீவு. சனி இரவு எட்டு மணி வரை நிற்கிறேன்.

கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு உங்களுக்கு உண்டு. அந்தக் கிழமையில் குறைந்தது 28 மணித்தியாலம் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு. அரை நாள் சனிக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பேக்கரிக்குச் சனி முக்கியம் என்றால் புதன் பின்னேரத்தைக் கேளுங்கள். கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல் போனால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. உங்கள் மணித்தியாலங்களை ஒரு மாதம் கொப்பியில் எழுதி அனுப்புங்கள், கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.